மேலே கதவு, கீழே கொடி

தண்ணீர் வற்றிக் கிடக்கும் மாதங்களில்தான் கரைத் தெருவுக்கு ஆறு சொந்தம். தண்ணீர் ஓடும்போது அது வலை வீசுகிறவர்களுடையது, படகு விடுகிறவர்களுடையது, மேடையில் நின்று தொண்டை கிழியப் பேசுகிறவர்களுடையது. மணல் வெளியே தெரிந்துவிட்டால் தெருவில் இருக்கிற இருபது முப்பது குடும்பமும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஈரம் தட்டுகிற ஆழம்வரை மணலைத் தோண்டிக் குழி எடுப்பார்கள். எருவும் வண்டலும் கொட்டி விதை போடுவார்கள். கொடி ஓடத் தொடங்கியதும், மணல் சூடு பிஞ்சைச் சுட்டுவிடாமல் இருக்க வைக்கோல் பரப்புவார்கள். பக்கத்திலேயே ஊற்று தோண்டி, குடத்தில் மொண்டு, காலையும் மாலையும் ஒவ்வொரு கொடிக்கும் ஊற்றுவார்கள். முதுகை ஒடிக்கிற வேலை. கோடை முற்றுகிற சமயத்தில் வெள்ளை மணல் முழுக்கத் தர்பூசணி உருண்டு கிடக்கும்.

ஆறு பிறப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், இன்னொரு நாட்டு மலையில். அங்கேயே ஓர் அணையில் தேங்கி, அவர்கள் விட்டது போக மிச்சம்தான் இங்கே வந்து சேரும். கதவைத் திறக்கும் முன்னால் கீழே இருக்கிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டிருந்தன. மேலேயிருந்து தகவல் வந்தால் கரைமேல் இருக்கும் கோபுரத்தில் சங்கு ஊதும். போன வருஷம் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்ற பேச்சு முறிந்துபோயிற்று. இவர்கள் அவர்களைத் திருடர்கள் என்றார்கள். அவர்கள் இவர்களைப் பேராசைக்காரர்கள் என்றார்கள். அதோடு தகவல் வருவதும் நின்றுவிட்டது. சங்குக் குழாய்க்குள் புறா கூடு கட்டி முட்டையிட்டு, குஞ்சும் பொரித்துவிட்டது.

அந்தத் தெருவில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் அணையோடு உறவு உண்டு. அந்த வீட்டுக்காரியைத் தெருவே மூத்தவள் என்றுதான் கூப்பிடும். அவளுடைய தங்கை இளையவள். எல்லைப் பாலத்தில் காவல் இறுகாத காலத்தில், அந்தப் பக்கத்துச் சந்தைக்குப் போவதும் வருவதும் பக்கத்துத் தெருவுக்குப் போய்வருகிற மாதிரிதான் இருந்தது. அப்போது இளையவளைக் கட்டிக்கொண்டு போனவர் அணையில் கதவை ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தார். கரைத் தெருவில் அவருக்குக் கதவுக்காரர் என்று பெயர். பிறகு பாலம் அடைபட்டது. அக்காளும் தங்கையும் ஒருத்தி முகத்தை ஒருத்தி நேரில் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. போன் மட்டும்தான்.

மூத்தவளின் புருஷனுக்கு வெடிப்பழம் என்று பட்டப்பெயர். பழுத்த வெள்ளரி தானாக வெடித்துக்கொள்ளுமே, அது மாதிரி மனுஷன். யாரும் தொடவே வேண்டாம். நல்ல உழைப்பாளி. ஆனால் சகலையின் பேச்சை எடுத்தால் போதும், முகம் இறுகிவிடும்.

"கதவை மூடினா நமக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. திறந்தா நம்ம கொடி போச்சு. உலகத்துல எல்லாருக்கும் சகலை இருக்கான். எவன் சகலையாவது ஒரு பொத்தானை அமுக்கி எவன் குடியையாவது கெடுக்கிறானா?" என்பார்.

"அவராவா அமுக்குறாரு? மேல இருக்கிறவங்க சொல்றாங்க, அமுக்குறாரு" என்பாள் மூத்தவள்.

"விரல் அவனுதுதானே?"

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போய்விடுவாள்.

அந்த வருஷம் காய்ப்பு நன்றாக இருந்தது. நடுத்திட்டில், அதாவது ஆற்றின் மத்தியில் மேடாக நிற்கும் மணலில், வெடிப்பழம் போட்டிருந்த கொடியில் ஒவ்வொரு காயும் ஒரு பானை அளவு இருந்தது. அவர் தினம் போய்க் குனிந்து விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு வருவார். கணீரென்று கேட்டால் காய். மொத்தென்று கேட்டால் பழம். இன்னும் கணீரென்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது. காம்புக்குப் பக்கத்துச் சுருள் பாதிதான் காய்ந்திருந்தது; முழுக்கக் காய்ந்தால்தான் பழம். லாரி வியாபாரியிடம் இன்னும் இரண்டு நாளில் வரச் சொல்லியாயிற்று.

மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். சோறு, வதக்கிய வெங்காயம், அவித்த முட்டை. வெயிலில் தகரக் கூரை படபடவென்று சத்தம் போட்டது. அப்போதுதான் இளையவளின் போன் வந்தது. அந்த நேரத்தில் அவள் கூப்பிட்டதே இல்லை.

"அக்கா, சாப்பிட்டியா?"

"இவருக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன். என்னடி இந்த நேரத்துல?"

"சும்மாதான். அப்பாவைப் பத்திச் சொல்லலாம்னு."

"அப்பாவைப் பத்தியா?"

"ஆமாக்கா. அப்பா இன்னிக்குச் சாயங்காலம் இங்கேருந்து புறப்படுறாரு. நாளைக்கு விடியக்காலைல அங்க வந்துடுவாரு. தனியா வரல. பெரிய கூட்டமா வராரு. அவர் வந்தா எப்படின்னு உனக்குத்தான் தெரியுமே, ஒரு இடத்துல நிக்கமாட்டாரு. வீட்டுல இடம் ஒழிச்சு வை."

மூத்தவளுக்கு ஒரு கணம் தங்கைக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று தோன்றியது. அப்பா செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இருவருமாகத்தான் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். எதிர்முனையில் தங்கை மூச்சுவிடுவது கேட்டது. ஓடிவந்து நிற்கிறவளின் மூச்சு மாதிரி இருந்தது. பின்னால் மழை கொட்டுகிற சத்தம். மழைக்காலமே இல்லாத நாளில் மழைச் சத்தம்.

மூத்தவள் வாசல் வழியே காய்ந்து கிடந்த ஆற்று மணலைப் பார்த்தாள்.

"எத்தனை பேரோட வராரு?" என்று கேட்டாள்.

"எல்லாரோடயும்க்கா. ஒருத்தரையும் விடாம. இதுவரைக்கும் இப்படி வந்ததே இல்ல" என்றாள் இளையவள். "நான் வச்சுடறேன். மாமாவைக் கேட்டதாச் சொல்லு."

போன் அணைந்தது. மூத்தவள் கரண்டியைச் சோற்றுப் பானையில் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு? உன் தங்கச்சியா?"

"ஏங்க, தண்ணி திறக்குறாங்க. நாளைக்கு விடியக்காலைல இங்க வந்துடும். எல்லாக் கதவும்."

"அவ சொன்னாளா?"

"அப்பா வராருன்னு சொன்னா."

வெடிப்பழம் முட்டையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "செத்துப்போன மாமனாரு வராருன்னு சொன்னா உடனே காயை வெட்டிடணுமா? உனக்குமா கிறுக்குப் புடிச்சிருக்கு?"

"போன்ல வேற எப்படிச் சொல்லுவா? யாராவது ஒட்டுக்கேட்டா அவர் வேலை போகும். வேலை மட்டுமா? உள்ளே தூக்கி வச்சிடுவாங்க. தண்ணிச் சேதியை இங்க சொன்னாத் துரோகம்னு போன வருஷமே சட்டம் போட்டாச்சுல்ல?"

"அப்படிப்பட்டவன் எதுக்குச் சொல்றான்? இந்த வெயில்ல எவனாவது தண்ணி திறப்பானா? மேல ஒரு மேகம் இருக்கா பாரு."

"இங்க வெயில். அங்க மழை கொட்டுது. நான் காதால கேட்டேன்."

"ரெண்டு நாள்டி. ரெண்டே நாள். இப்ப வெட்டினா உள்ள வெள்ளையா இருக்கும். மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடும். வர்றது வரட்டும். நான் வெட்டமாட்டேன்."

கையைக் கழுவினார். பாதிச் சோறு தட்டில் அப்படியே இருந்தது. அவர் போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மூத்தவள் வீட்டுக்குள் அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் நடந்தாள். தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாளை விடியும் நேரம் தெருவில் பாதிப் பேர் மணலில்தான் இருப்பார்கள். தண்ணீர் ஊற்றுகிற நேரம் அதுதான். வாய்விட்டுச் சொன்னால், யார் சொன்னது என்று கேட்பார்கள். யார் என்று தெரிந்துவிட்டால் அது எத்தனை வாய்க்குப் போகும்? பாலத்துக் காவல் வரைக்கும் போகும். சொல்லாமல் இருந்தாலோ? அதை நினைக்கவே முடியவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு அரிவாளையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு கரையிலிருந்து இறங்கிவிட்டாள்.

கரையோரம் அவர்களுக்கு இன்னொரு துண்டு இருந்தது. மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. முதல் காயின் காம்பில் அரிவாளை வைத்தபோது அவளுக்குக் கை வரவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த காய். கண்ணை மூடிக்கொண்டு அறுத்தாள். இரண்டாவதை அறுத்தாள். அதன்பிறகு கை தானாக ஓடியது.

அடுத்த துண்டில் குத்தூசி வைக்கோலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாயில் விழுந்தவர்கள் தப்பியதில்லை, அதனால் அந்தப் பெயர். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்ன மூத்தவளே, வெடிப்பழத்தோட சண்டையா? அவர் மேல இருக்கிற கோவத்தைக் காய்மேல காட்டுறியா?"

மூத்தவள் நிமிரவில்லை.

"ஏ, உன்னைத்தான். பச்சைக் காயை வெட்டுறியே, எங்க கொண்டுபோகப் போற?"

"வெட்டணும்னு தோணுச்சு, வெட்டுறேன்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

குத்தூசி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேற்கே, ஆறு வளைந்து வருகிற திசையைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் மணல், கானல். மறுபடி மூத்தவளின் கையைப் பார்த்தாள். அந்தக் கை ஒரு காயைக்கூடச் சுண்டிப் பார்க்காமல் அறுத்தது. குத்தூசி இடுப்பிலிருந்து அரிவாளை உருவினாள். அறுக்க ஆரம்பிக்குமுன் தன் புருஷனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள்: "சாக்கு இருக்கிறதையெல்லாம் எடுத்துட்டு வாய்யா. எதுக்குன்னு கேட்டுக்கிட்டு நிக்காதே."

வெயில் சாய்வதற்குள் மணல் முழுக்க ஆட்கள். யாரும் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. பக்கத்துத் துண்டுக்காரன் வெட்டுகிறான், நாமும் வெட்டுவோம் என்றுதான் ஆரம்பித்தது. திருவிழாக் கூட்டம் போலத் தோன்றினாலும் பேச்சுச் சத்தமே இல்லை. அரிவாள் சத்தமும், காய் சாக்கில் விழுகிற சத்தமும்தான். தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் கரைக்கு ஏற்றினார்கள். மணலில் போட்டிருந்த காவல் குடிசைகளின் கழிகளைக்கூடப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வெடிப்பழம் மட்டும் வரவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நடுத்திட்டில் அவருடைய காய்கள் அப்படியே கிடந்தன. மூத்தவள் நடுத்திட்டுக்கும் போகப் பார்த்தாள்.

"அது என்னுது. அதைத் தொட்டே, அவ்வளவுதான்" என்றார்.

விடிகிற வேளையில் மூத்தவள் கண்விழித்தபோது கட்டில் காலியாக இருந்தது. சாக்கும் இல்லை, அரிவாளும் இல்லை. வாசலுக்கு ஓடி வந்தாள். அரைகுறை வெளிச்சத்தில் நடுத்திட்டில் ஓர் உருவம் குனிந்து நிமிர்வது தெரிந்தது. ஊர் பார்க்க வெட்டுவதற்கு மனசு வரவில்லை. தனியாகப் போய் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க!" என்று கத்திக்கொண்டே கரைக்கு ஓடினாள். அவர் காதில் விழவில்லை. அவள் குரலை வேறொரு சத்தம் மூடியது. லாரிகள் வரிசையாக வருகிற மாதிரி, தூரத்தில், நிற்காமல்.

முதலில் வந்தது நுரைதான். அழுக்கு நிறத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு மணலில் ஊர்ந்து வந்தது. ஊற்றுக் குழிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. அதற்குப் பின்னால் தண்ணீர் வந்தது. மரக்கிளையும் வைக்கோலும் செத்த ஆடுமாகப் புரண்டு வந்தது. தெருவே கரைக்கு வந்துவிட்டது. வெடிப்பழம் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பக்கமும் தண்ணீர். இரண்டு காய்களை இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு இறங்கினார். முழங்கால், தொடை, இடுப்பு.

"கீழ போடுங்க! போட்டுட்டு வாங்க!" மூத்தவள் கத்தினாள்.

அவர் போடவில்லை. ஒரு மரக்கிளை வந்து இடுப்பில் மோதியது. ஆள் சாய்ந்து தண்ணீருக்குள் போய், வெளியே வந்தபோது ஒரு காய்தான் இருந்தது. அதையும் விடாமல் கட்டிக்கொண்டிருந்தார். குத்தூசியின் புருஷன் கயிற்றின் ஒரு முனையை மின்கம்பத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு குதித்தார். இரண்டு பேரையும் தெருவே சேர்ந்து இழுத்தது. அந்த இழுப்பில் குத்தூசியின் புருஷனுக்கு முதுகு பிசகிப் போயிற்று. பிறகு பல நாள் அவர் நிமிர்ந்து நடக்கவில்லை.

வெடிப்பழம் கரைமேல் உட்கார்ந்து தண்ணீரைக் கக்கினார். உடம்பு வெடவெடவென்று ஆடியது. மூத்தவள் அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பிறகு அந்த முதுகின்மேலேயே கவிழ்ந்து அழுதாள். அவர் மடியில் கிடந்த காயைக் கல்லில் உடைத்தார். உள்ளே வெளிறிய சிவப்பு, நடுவில் வெள்ளை.

"ரெண்டு நாள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கரைத் தெருவில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. தர்பூசணிதான் போயிற்று. லாரி வியாபாரி வந்து ஒன்றைக் கீறிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். வாசலுக்கு வாசல் குவிந்து கிடந்த காய்கள் வெயிலில் அழுகின. தெரு முழுக்கப் புளித்த வாடை.

அன்றிலிருந்து இளையவளின் போன் அணைந்தே கிடந்தது. மூத்தவளுக்கு எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை. துணியை ஊறவைத்துவிட்டு மறந்தாள். உலையில் அரிசி போடாமலே மூடிவைத்தாள். கை போனுக்குப் போகும், திரும்பும்.

தொலைக்காட்சியில் இரண்டு நாட்டு அமைச்சர்களும் தோன்றினார்கள். 'நாங்கள் முறைப்படி தெரிவித்துவிட்டுத்தான் திறந்தோம். கீழே ஒருவரும் சாகவில்லையே, அதுவே சாட்சி' என்றார் அந்த நாட்டு அமைச்சர். 'ஒரு வார்த்தை சொல்லவில்லை' என்றார் இந்த நாட்டு அமைச்சர். கடைசியில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து வந்து கரையிலேயே விசாரிப்பது என்று முடிவாயிற்று.

அதற்கு முன்னால் நீர்த்துறை அலுவலர் ஒருவர் தெருவுக்கு வந்தார். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் எல்லாரும் அவரைக் கண்ணாடி சார் என்றார்கள். கெட்டவர் இல்லை. இருக்கிறதை இருக்கிறபடி சொன்னார்.

"நஷ்ட ஈடு வெள்ளத்துல போன பயிருக்குத்தான். நீங்க முந்தின நாளே வெட்டிட்டீங்க. வெள்ளம் வருதுன்னு தெரிஞ்சு, அதுக்குப் பயந்துதான் வெட்டினோம்னு சொன்னாத்தான் அதைக் கணக்குல எடுப்பாங்க."

"அப்படியே சொல்லிடறோம்" என்றது ஒரு குரல்.

"சொன்னா, யார் மூலமாத் தெரிஞ்சதுன்னும் சொல்லணும். சங்கு ஊதல. எங்களுக்கும் தகவல் வரல. அப்போ உங்களுக்கு யார் சொன்னது? அந்தப் பக்கத்து ஆளுங்களும் அதைக் கேக்கத்தான் வராங்க. அணையில வேலை பாக்கிறவங்க ஒவ்வொருத்தரையும் அங்க தனித்தனியா உக்காரவச்சுக் கேட்டுக்கிட்டு இருக்காங்களாம்."

யாரும் மூத்தவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகவே எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அவர் போனபிறகு மூத்தவள் குத்தூசி வீட்டுக்குப் போனாள். குத்தூசி புருஷனுக்கு முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உட்காரு" என்றாள்.

மூத்தவள் உட்காரவில்லை. "நீ என்ன சொல்லப் போற?"

"எனக்கே தெரியல. இந்த மனுஷனால மண்வெட்டியைத் தூக்க முடியல. அடுத்த விதைப்புக்கு என் வீட்டுல விதை இல்ல. நான் சத்தியம் எதுவும் பண்ணமாட்டேன். கூப்பிட்டுக் கேக்கும்போது வாயில என்ன வருதோ, அதுதான்."

"அதுவும் சரிதான்" என்று மூத்தவள் திரும்பி வந்துவிட்டாள். வீட்டிலோ வெடிப்பழம் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"நான் உள்ளதைச் சொல்லத்தான் போறேன். அவன் குடும்பம் நல்லா இருக்க, தெருவே பட்டினி கிடக்கணுமா?"

"உங்க உயிரு இருக்குல்ல?"

"கயித்தைப் போட்டது அவனா? குத்தூசி புருஷன்."

"கயிறோட கரையில ஆள் இருந்தாங்களே, அது யாரால? அந்த நேரத்துல எல்லாரும் மணல்ல இருந்திருந்தா உங்களை யாரு இழுத்திருப்பா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். உடனே திரும்பி வந்தார். மறுபடி வெளியே போனார்.

விசாரணைக்குக் கரைமேல் பந்தல் போட்டார்கள். நீள மேஜைக்கு ஒரு பக்கம் இந்த நாட்டுக்காரர்கள், மறுபக்கம் அந்த நாட்டுக்காரர்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவே மொழிபெயர்க்க ஒரு இளம்பெண். எதிரே ஆறு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் குத்தூசியைக் கூப்பிட்டார்கள். மூத்தவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"காய் பழுக்கும் முன்னால் ஏன் வெட்டினீர்கள்?" என்று அந்த நாட்டு அதிகாரி கேட்டார். மெலிந்த, சுத்தமான மனிதர்.

குத்தூசி ஒருமுறை ஆற்றைப் பார்த்தாள். ஒருமுறை புருஷனின் வளைந்த முதுகைப் பார்த்தாள்.

"ஈ குத்திடுச்சுங்க" என்றாள்.

"என்ன?"

"காய் ஈ. காய்ல குத்தி முட்டை வச்சிடும். உள்ள புழு நெளியும். ஒரு காய்ல வந்தா தோட்டமே போச்சு. அதான் வெட்டினோம்."

"எல்லோருடைய தோட்டத்திலும் ஒரே நாளிலா?"

"ஈ என்ன, பாஸ்போர்ட் காட்டி முத்திரை வாங்கிட்டா வருது? பறந்து வருது. இங்கேயும் உட்காரும், அங்கேயும் உட்காரும்."

மொழிபெயர்த்த பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடி சார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "யோசிச்சுச் சொல்லும்மா. ஈன்னு சொன்னா நஷ்ட ஈடு கிடையாது."

"ஈன்னு சொன்னா ஈடு இல்லையா? இருக்கட்டும் சார். உள்ளதைத்தானே சொல்லமுடியும்?"

அடுத்து வந்தவரும் ஈ என்றார். அதற்கு அடுத்தவரும் அதையே சொன்னார். ஒருவர் புழு இவ்வளவு நீளம் என்று விரலை நீட்டிக் காட்டினார். இன்னொருவர் அதைவிட நீளம் என்றார். அவர்கள் ஒவ்வொருவரும் எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பும்போது, அந்த வருஷத்து வருமானத்தை அந்த மேஜையில் வைத்துவிட்டு வருவது அவளுக்குத் தெரிந்தது.

அவள் முறை வந்தது.

"உங்கள் தங்கை அணைக் குடியிருப்பில் இருக்கிறாரா?"

"ஆமாங்க."

"முந்தின நாள் மத்தியானம் அவரிடமிருந்து உங்களுக்குப் போன் வந்திருக்கிறது."

"வந்துச்சு."

"என்ன பேசினீர்கள்?"

"எங்கப்பாவைப் பத்திப் பேசினோம்."

"அவர் எங்கே இருக்கிறார்?"

"செத்துப் போயிட்டாருங்க." குரல் உடைந்தது. அதை அவள் வரவழைக்கவில்லை. "நானும் அவளும் பாத்துக்கிட்டே வருஷக்கணக்காச்சு. பாலத்தைத் திறக்க மாட்டேங்கிறீங்க. போன்லதான் பேசிக்கிறோம். அக்கா தங்கச்சி பேசினா அப்பாவைப் பத்தித்தானே பேசுவோம்? அதுவும் தப்புங்களா?"

மொழிபெயர்த்த பெண் இதை மெதுவாகச் சொன்னாள். மெலிந்த அதிகாரி பேனாவை உருட்டினார். பிறகு வெடிப்பழத்தைக் கூப்பிட்டார்.

மூத்தவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். வெடிப்பழத்தின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் அப்படி இருந்தால் அடுத்து என்ன வரும் என்று தெருவுக்கே தெரியும்.

"எல்லோரும் வெட்டினார்கள். நீங்கள் மட்டும் வெட்டவில்லை. உங்கள் காய் வெள்ளத்தில்தான் போயிருக்கிறது. உங்கள் காயை ஈ குத்தவில்லையா?"

வெடிப்பழம் மேஜைக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், சகலையை அவர்களில் தேடுகிற மாதிரி.

"குத்திடுச்சுன்னுதான் என் வீட்டுக்காரி சொன்னா. வெட்டுங்க, வெட்டுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. நான்தான் கேக்கல. ஆத்துல போய் மாட்டிக்கிட்டு, சாகப் பாத்தேன்." தொண்டையைச் செருமினார். "ஏன் சார், பொண்டாட்டி பேச்சைக் கேக்காதவனுக்கு நஷ்ட ஈடு ஏதாவது உண்டா?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. கண்ணாடி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மொழிபெயர்த்ததும் அந்தப் பக்கமும் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மெலிந்த அதிகாரி சிரிக்கவில்லை. அவர் எழுந்து ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போதும் என்று சொல்லிவிட்டார்.

வெடிப்பழம் திரும்பி வந்து மூத்தவளுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் கை வேர்த்திருந்தது.

நஷ்ட ஈடு யாருக்கும் வரவில்லை; ஈ குத்திய காய் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டதால் வெடிப்பழத்துக்கும் இல்லை. கரைத் தெரு அந்த மழைக்காலத்தைச் செங்கல் சூளையிலும் மூட்டை தூக்கியும் ஓட்டியது. வெடிப்பழமும் மூட்டைதான் தூக்கினார். வாரக்கூலி வாங்கிய அன்று குத்தூசி வீட்டுக்கு அரிசி கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். இரண்டு நாட்டுப் பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கும் என்றார்கள், தள்ளிப்போயிற்று என்றார்கள். கோபுரத்துச் சங்கு ஊமையாகவே நின்றது.

தண்ணீர் வடிந்து மணல் தெரிந்தது. விதை கடன் வாங்கி எல்லாரும் மறுபடி இறங்கினார்கள். மூத்தவள் கரையோரம் குழி எடுக்க மணலில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண்.

"அக்கா, நான்தான்."

மூத்தவள் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் இரண்டு பேரும் அழுதார்கள். இடையிடையே சாப்பிட்டியா, சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டார்கள்.

"அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலக்கா. கேட்டுக் கேட்டுப் பாத்தாங்க. ஒண்ணும் கிடைக்கல. ஆனா சந்தேகம் போகல. அவரை மாத்திட்டாங்க. கதவுப் பக்கமே விடல. சாமான் கிடங்குல போட்டிருக்காங்க. நாங்களும் அந்தக் குடியிருப்பை விட்டு வெளியே வந்துட்டோம்."

"அன்னிக்கு அவரா உன்கிட்ட சொன்னாரு?"

"சொல்லல. சாப்பிட வந்தாரு, சோத்துல கையே வைக்கல. 'உங்க அக்காகிட்ட பேசி ரொம்ப நாளாச்சுல்ல?'ன்னாரு. அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. நான் வெளியே வந்து மழையைப் பாத்தேன். அப்புறம்தான் புரிஞ்சுது."

மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப கதவுல யாரு?"

"யாரோ புது ஆளு. தலைநகரத்துலேருந்து வந்திருக்காரு. நல்லவருதானாம். அவருக்கு அங்க உங்க பக்கம் சொந்தக்காரங்க யாரும் இல்லைன்னு விசாரிச்சுட்டுத்தான் போட்டாங்களாம்."

பேசி முடித்துவிட்டு மூத்தவள் நடுத்திட்டுக்கு நடந்தாள். அங்கே வெடிப்பழம் குழி எடுத்துக்கொண்டிருந்தார். இடுப்பளவு குழிக்குள் நின்று மணலை வாரி வெளியே வீசினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சகலை சோற்றில் கைவைக்காமல் போனதைச் சொல்லும்போது அவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"புது ஆளுக்கு இங்க ஒருத்தரும் இல்லையா?"

"ஒருத்தரும் இல்லையாம்."

அவர் குழிக்குள் நின்றபடியே மேற்கே பார்த்தார். வெறும் மணல்தான். பாதிக்கு மேல் எடுத்துவிட்ட குழி. அடியில் ஈரம் தட்டி மணல் கறுத்திருந்தது. ஆற்றிலேயே நல்ல மணல் அதுதான். அவர் மண்வெட்டியை வெளியே எறிந்துவிட்டுக் கையை நீட்டினார். அவள் பிடித்து ஏற்றிவிட்டாள்.

"கரையோரமே போடுவோம்" என்றார். "நீ எங்க கோடு போட்டிருக்கே, காட்டு."

காலால் மணலைத் தள்ளிக் குழியை மூட ஆரம்பித்தார். அவளும் மறுபக்கத்திலிருந்து தள்ளினாள்.